ஹம்முராபி சட்டமும் நம் கோர்ட்டும்: அன்றைக்கு நியாயம் சீக்கிரம் கிடைத்ததா?

கடைசிபெஞ்ச்

ஃபிளாட் வாங்கி நொந்துபோன ஆள் எழுதுகிறேன், கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளியலறைச் சுவரில் ஓதம், படுக்கையறை சீலிங்கில் பூச்சு உதிர்கிறது. கட்டிக்கொடுத்தவர்கள் போனை எடுப்பதில்லை. நோட்டீஸ் விட்டால் பதில் நோட்டீஸ் வருகிறது.

இந்தக் கடுப்பில்தான் ஹம்முராபி சட்டத்தைப் படித்தேன். கி.மு. 1792 முதல் 1750 வரை பாபிலோனை ஆண்ட ராஜா. 229ஆம் விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவன் கட்டிக்கொடுத்த வீடு உறுதியில்லாமல் இடிந்து விழுந்து வீட்டுக்காரர் செத்தால், கட்டியவனுக்கு மரண தண்டனை. அவ்வளவுதான். அப்பீல் இல்லை, வாய்தா இல்லை. உலகத்தின் முதல் சட்டமே இவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. 3,700 வருடம் கழித்து நாம் முன்னே வந்திருக்கிறோமா, பின்னே போயிருக்கிறோமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

களிமண்பலகை

கோபம் நியாயம்தான் நண்பரே. ஆனால் 229ஓடு நிறுத்திவிட்டீர்களே, 230ஐயும் படித்திருக்கலாம். வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் செத்தால், கட்டியவனைக் கொல்ல மாட்டார்கள். அவனுடைய மகனைக் கொல்ல வேண்டும் என்கிறது. கலவைக்கும் செங்கலுக்கும் சம்பந்தமில்லாத பையன். 231: வீட்டுக்காரரின் அடிமை செத்தால் பதிலுக்கு ஓர் அடிமை. 232: பொருள் சேதமானால் அதற்கு ஈடு, வீட்டையும் தன் செலவில் திரும்பக் கட்ட வேண்டும். 233: யாரும் சாகவில்லை, சுவர் மட்டும் சாய்ந்தது என்றால் கட்டியவன் தன் சொந்த வெள்ளியைப் போட்டு அதைப் பலப்படுத்தித் தர வேண்டும்.

உங்கள் ஓதம் 233இல்தான் வரும். அந்த விதி இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறது! 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் பிரிவு 14 எடுத்துப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளில் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டஈடு.

இன்னொன்று, இது உலகத்தின் முதல் சட்டமும் இல்லை. ‘ஊர்’ (Ur) என்ற பெயருள்ள நகரத்தின் ராஜா ஊர்-நம்மு பெயரில் உள்ள சுமேரியச் சட்டம் இதைவிட ஏறக்குறைய 300 வருடம் பழையது. அதற்கப்புறம் லிபித்-இஷ்தார் என்ற ராஜாவின் சட்டம், எஷ்நுன்னா நகரச் சட்டம் எல்லாம் வந்த பிறகுதான் ஹம்முராபி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊர்-நம்மு சட்டத்தில் கண்ணைக் குருடாக்கினால் அரை மினா (அந்தக் கால எடை அளவு) வெள்ளி அபராதம். எஷ்நுன்னாவில் கண்ணுக்கு ஒரு மினா, பல்லுக்கு அரை மினா, கன்னத்தில் அறைந்தால் 10 ஷெக்கல் (மினாவைவிடச் சின்ன எடை). எல்லாம் பணம்தான். காட்டுமிராண்டிகள் கண்ணுக்குக் கண் எடுத்தார்கள், நாகரிகம் வளர வளர அபராதத்துக்கு வந்தார்கள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்களே, பாபிலோன் இருந்த மெசபடோமியாவில் நமக்குக் கிடைத்திருக்கும் வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் அபராதம், பிறகுதான் கண்.

சட்டமணி

வக்கீல் என்பதால் எனக்கு முதல் மூன்று விதிகள்தான் பிடிக்கும். பிடிக்கும் என்றால், படிக்கும்போது முதுகு சில்லிடும்.

ஒருவன் மேல் கொலைக்குற்றம் சுமத்திவிட்டு நிரூபிக்க முடியாமல் போனால், குற்றம் சாட்டியவனுக்கே மரணம். இது முதல் விதி. உயிர் சம்பந்தப்பட்ட வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னாலும் மரணம், இது மூன்றாவது. இடையில் உள்ளது சூனியம் வைத்ததாக வரும் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவன் ஆற்றில் குதிக்க வேண்டும். ஆறு அவனைக் கொண்டுபோனால் அவன் வீடு குற்றம் சாட்டியவனுக்கு. பிழைத்து வந்தால், குற்றம் சாட்டியவனுக்கு மரணம், அவன் வீடு இவனுக்கு. ஐரோப்பாவில் சூனியக்காரி என்று சொல்லித் தண்ணீரில் தள்ளியபோது மிதந்தவள்தான் குற்றவாளி. இங்கே பிழைத்தவன் நிரபராதி. இவ்வளவாவது இருந்ததே!

நம் சட்டத்தில் இது இல்லை என்று நினைக்காதீர்கள். மரண தண்டனை வாங்கிக்கொடுக்கும் நோக்கத்தில் பொய்ச்சாட்சி சொல்லி, அதனால் நிரபராதி ஒருவர் தூக்கில் போடப்பட்டால், சாட்சி சொன்னவருக்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 194, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 230. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். நம் சட்டத்தில் பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும். ஹம்முராபியிடம் நிரூபிக்க முடியாமல் போனாலே கழுத்து போகும். அண்ணனைப் பறிகொடுத்த ஏழை, பலம் உள்ளவன் மேல் புகார் கொடுப்பானா? உங்கள் பில்டருக்கு வாய்தா இல்லை என்று சந்தோஷப்படுகிறீர்கள், புகார் கொடுக்கப் போகும் உங்களுக்கும் அதே கதிதான் சார்.

நெல்லைக்காரி

ஆண்கள் எல்லாரும் பில்டரையும் சாட்சியையும் பற்றியே பேசுகிறீர்கள். 210ஐ யாரும் தொடவில்லையே.

மேல்குடிக்காரன் ஒருவன் இன்னொரு மேல்குடிக்காரரின் மகளை அடித்து, அவளுக்குக் கர்ப்பம் கலைந்தால் 10 ஷெக்கல் வெள்ளி. அது 209. அந்தப் பெண்ணே செத்துப்போனால்? அடித்தவனின் மகளைக் கொல்ல வேண்டும். அடித்தவன் வீட்டில் சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் மகள் அவனுடைய சொத்து, அதனால் சொத்துக்குச் சொத்து. 230இல் வரும் பையனுக்கும் இதே கணக்குதான்.

கல்யாண விதிகளில் நல்லதும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மனைவிக்குத் தீராத வியாதி வந்தால் புருஷன் இன்னொரு கல்யாணம் செய்யலாம், ஆனால் முதல் மனைவியைத் துரத்தக் கூடாது, அவள் உயிரோடு இருக்கும்வரை தான் கட்டிய வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் (148). அவளுக்கு அங்கே இருக்க விருப்பம் இல்லை என்றால் சீதனத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்ப வேண்டும் (149). புருஷன் வெளியே சுற்றிக்கொண்டு மனைவியைக் கேவலப்படுத்துகிறான், அவள் மேல் தப்பு இல்லை என்று விசாரணையில் தெரிந்தால், சீதனத்தை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போகலாம் (142). படித்ததும் பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த விதி: விசாரணையில் தப்பு அவள் மேல் என்று தெரிந்தால் தண்ணீரில் தள்ளுங்கள். வெளியே சுற்றிய புருஷனுக்கு அந்தத் தண்ணீர் கிடையாது.

கண்ணுக்குக் கண் என்பது செத்துப்போன சட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 2004இல் டெஹ்ரானில் ஆசிட் வீசப்பட்டுப் பார்வை இழந்த ஒரு பெண்ணுக்கு, வீசியவன் கண்ணிலும் அமிலச் சொட்டு விடலாம் என்று 2008இல் ஈரான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் எல்லா ஏற்பாடும் முடிந்த நிலையில், கடைசி நேரத்தில் அவரே வேண்டாம் என்று மன்னித்தார். பழிக்குப் பழி சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் மன்னிக்க இப்படி ஒரு கதவு இருக்கும். நம் சட்டத்தில் கொலை வழக்கை உறவுக்காரர் மன்னித்து முடிக்க முடியாது. எது மேல் என்று எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

கடைசிபெஞ்ச்

அக்கா, மகளைக் கொல்வது கொடுமைதான், நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் எல்லாரும் மேல்குடி, கீழ்க்குடி என்று பாபிலோனைக் குறை சொல்கிறீர்கள். அவர்கள் வெளிப்படையாகக் கல்லில் எழுதி வைத்தார்கள். நாம் எழுதாமல் செய்கிறோம். காசு இருப்பவனுக்கு முன்ஜாமீன் ஒரே நாளில், இல்லாதவன் விசாரணைக் கைதியாகவே வருடக்கணக்கில் உள்ளே. எது யோக்கியம்?

மட்டுறுத்துநர்

இழை சூடு பிடிக்கிறது, மகிழ்ச்சி. நடப்பு அரசியல்வாதிகளின் வழக்குகளை இங்கே கொண்டுவர வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

களிமண்பலகை

கடைசிபெஞ்ச் சொல்வதில் சரக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், படிக்கும்போது தோன்றுவது போல் அது இல்லை.

மேல்குடிக்காரன் இன்னொரு மேல்குடிக்காரன் கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணும் போகும் (196). சாதாரணக் குடியானவன் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா வெள்ளி (198). அடிமையின் கண் என்றால் அடிமையின் விலையில் பாதி, அதுவும் எஜமானனுக்கு (199). பார்த்தவுடன் ஏழையின் கண் மலிவு என்று கோபம் வரும். ஒரு மினா எவ்வளவு? 60 ஷெக்கல். ஒரு ஷெக்கல் சுமார் எட்டேகால் கிராம், நம்ம ஊர் ஒரு சவரன் எடையைவிடச் சற்றுக் கூட, ஆனால் வெள்ளி. 273ஆம் விதி தினக்கூலியையும் சொல்கிறது. வருடத்தின் முதல் ஐந்து மாதம் நாளுக்கு 6 பார்லிமணி எடை வெள்ளி, மிச்ச மாதங்களுக்கு 5. ஷெக்கலுக்கு 180 பார்லிமணி. அப்படியென்றால் முழுக்கூலியில் 30 நாள் உழைத்தால் ஒரு ஷெக்கல். ஒரு மினாவுக்கு 1,800 நாள் கூலி, கிட்டத்தட்ட ஐந்து வருடம்.

கண் இழந்த கூலிக்காரன் கையில் ஐந்து வருடக் கூலி விழுகிறது. கண் இழந்த பிரபுவுக்குக் கிடைப்பது எதிராளியும் குருடன் என்கிற திருப்தி மட்டும். எது வேண்டும் என்று கேட்டால் நான் யோசிக்காமல் வெள்ளியை எடுப்பேன். பெரிய இடத்து ஆளுக்குப் பழி, சின்ன ஆளுக்குப் பணம். கௌரவம் யாருக்கு என்பதை அந்தச் சட்டம் அப்படித்தான் பிரித்தது.

இன்றைக்கு வருவோம். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் நஷ்டஈடு எப்படிப் போடுகிறார்கள்? அவருடைய வருமானத்தை வைத்து, வயதுக்கு ஏற்ற பெருக்கு எண்ணால் பெருக்கி. 2009இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அட்டவணையை ஒழுங்குபடுத்தியது. ஒரே பஸ் கவிழ்ந்து ஐடி கம்பெனி மேனேஜரும் செங்கல் சூளைத் தொழிலாளியும் இறந்தால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே தொகை வராது. மேல்குடி என்ற சொல் இல்லை, சம்பளச் சீட்டு இருக்கிறது.

இரவுப்பணி

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். 218 ஞாபகம் வந்து கையைப் பார்த்துக்கொண்டேன். வெண்கலக் கத்தியால் பெரிய அறுவை செய்து மேல்குடி நோயாளி இறந்தால், அல்லது கண் போனால், வைத்தியரின் கையை வெட்ட வேண்டும். பிழைத்தால் கூலி 10 ஷெக்கல், குடியானவனுக்கு 5, அடிமைக்கு 2. மேலே போட்ட கணக்குப்படி 10 ஷெக்கல் என்றால் கூலியாளுக்குப் பத்து மாதச் சம்பளம்! அப்போதே கார்ப்பரேட் ஆஸ்பத்திரி ரேட்.

நல்ல சேதி, 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் டாக்டர் மேல் கிரிமினல் வழக்குப் போட சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்றது. இன்னொரு டாக்டரின் கருத்தையும் முதலில் வாங்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போவது தனி வழி, 1995லிருந்தே இருக்கிறது.

கையை வெட்டுவார்கள் என்றால் யார் கத்தியை எடுப்பார்கள்? பிழைக்க வாய்ப்புக் குறைவான நோயாளியை எந்த வைத்தியனும் தொடமாட்டான். அந்த விதி நிஜமாகவே நடைமுறையில் இருந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. களிமண் அண்ணா, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

லாஷப்பல்வாசி

வணக்கம், பாரிசிலிருந்து. கல்லை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. லூவ்ர் அருங்காட்சியகத்தில் ரிஷெலியு பக்கம், தரைத்தளத்தில் நிற்கிறது. ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் மோனாலிசாவுக்குத்தான் ஓடுவினம், நான் இழுத்துக்கொண்டு போய் இதைக் காட்டுவேன்.

கறுப்புக் கல், 2.25 மீட்டர் உயரம், மேலே நகம் போல வளைந்திருக்கும். உச்சியில் சூரிய தெய்வம் ஷமாஷ் இருக்கையில் இருக்கிறார், தோளிலிருந்து கதிர்கள் கிளம்புகின்றன. எதிரே ஹம்முராபி ஒரு கையை வாய்க்கருகே உயர்த்தி நிற்கிறார். ஷமாஷ் கோலும் வளையமும் நீட்டுகிறார். சட்டத்தைக் கையில் கொடுக்கிறார் என்று பலர் சொல்வார்கள், அங்கே ஏடு ஒன்றும் இல்லை, அது அதிகாரச் சின்னம். கீழே முழுக்க ஆப்பெழுத்து. அவ்வளவு பொடி எழுத்து, கண்ணாடி போட்டாலும் எனக்கு வரி பிரியாது.

முன்பக்கம் கீழே வந்தால் சடாரென்று எழுத்தில்லாமல் மழமழவென்று ஒரு பகுதி. யாரோ தேய்த்து அழித்திருக்கிறார்கள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஈலாம் நாட்டு ராஜா ஷுத்ருக்-நஹ்ஹுண்டே பாபிலோனியாவைக் கொள்ளையடித்துக் கல்லைத் தன் தலைநகர் சூசாவுக்குத் தூக்கிப்போனார். தன் பெயரைப் பொறிக்க இடம் செய்தார் போல, ஆனால் பொறிக்கவே இல்லை. அதில் போன விதிகளில் சிலவற்றை வேறு களிமண் பிரதிகளிலிருந்து மீட்டிருக்கிறார்கள். சூசா இப்போது ஈரானில். 1901-02 குளிர்காலத்தில் ஜாக் டி மோர்கன் தலைமையில் தோண்டிய பிரெஞ்சுக்காரர் எடுத்தார்கள், வின்சென்ட் ஷெய்ல் என்ற பாதிரியார் சில மாதத்திலேயே மொழிபெயர்த்தார். நாங்கள் சொல்லும் 282 விதி என்ற எண்ணிக்கையும் அவர் போட்டதுதான், கல்லில் எண் இல்லை. பாபிலோனியர் கல்லை ஈலாமியர் களவெடுத்தார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தார்கள். களவுக்கு மரணம் என்று எழுதின கல்லே இப்படிக் கைமாறியிருக்கு.

களிமண்பலகை

லாஷப்பல் அண்ணா, அருமை. இரவுப்பணி கேட்ட கேள்விதான் இந்தத் துறையில் பெரிய சண்டை.

அந்தக் காலத்து ஒப்பந்தங்கள், கடன் பத்திரங்கள், வழக்குப் பதிவுகள் என்று களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அந்தத் தீர்ப்புகளில் இன்ன விதிப்படி இந்தத் தண்டனை என்று யாரும் எழுதவில்லை. கூலியும் விலையும் கூடக் கல்லில் உள்ளதோடு பல இடத்தில் ஒத்துவரவில்லை. அதனால் ஜான் பொத்தேரோ போன்ற அறிஞர்கள் அதை நாம் சொல்லும் அர்த்தத்தில் சட்டப் புத்தகம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. இப்படி இப்படி நடந்தால் இன்னது நியாயம் என்று அடுக்கிக் காட்டும் அறிவு நூல், கூடவே நான் நீதியான ராஜா என்று தெய்வத்துக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் காட்டும் நினைவுக்கல் என்பது அவர்கள் கட்சி. வேறு சிலர், வழக்கில் மேற்கோள் காட்டாததாலேயே பயன்படவில்லை என்று சொல்ல முடியாது என்கிறார்கள். எனக்கு முதல் கட்சிதான் சரி. கண்ணைப் பிடுங்கு, கையை வெட்டு என்பதெல்லாம் கல்லில் உரக்கப் பேசும் பேச்சு. ஊருக்குள் ஓடியது வெள்ளியும் சாட்சியும் சத்தியமும்தான்.

அந்த ஊர்க் கோர்ட் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கடன் கொடுத்தாலோ நிலம் விற்றாலோ ஈரக் களிமண்ணில் எழுதுவார்கள். சாட்சிகள் பெயர் வரிசையாக வரும். உருளை முத்திரை வைத்திருப்பவர் உருட்டுவார், இல்லாதவர் நகத்தையோ துணி ஓரத்தையோ அழுத்துவார். நம்மிடம் கைநாட்டு வைப்பது போலத்தான். அப்புறம் அந்தப் பலகையைச் சுற்றி இன்னொரு களிமண் உறை போட்டு, உறை மேலும் அதே வாசகத்தை எழுதுவார்கள். வெளியே உள்ள எழுத்தை எவனாவது திருத்திவிட்டான் என்று தகராறு வந்தால், நீதிபதிகள் முன்னால் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதுதான். அழித்து எழுத வழியே இல்லை, ஏனென்றால் உள்பலகை எப்போதோ காய்ந்து இறுகியிருக்கும். பத்திரப்பதிவு ஆபீசில் போலிப் பத்திரம் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கொலை வழக்கு வேண்டுமா? கி.மு. 1900 வாக்கில் நிப்பூர் என்ற சுமேரிய நகரத்தில் நடந்தது, ஹம்முராபிக்கும் முந்தி. கோயில் பணியாளர் லூ-இனன்னாவை மூன்று பேர் சேர்ந்து கொன்றார்கள். கொன்றுவிட்டு அவர் மனைவி நின்-தாதாவிடமே போய்ச் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை, மூடிவைத்துவிட்டாள். இசின் நகரத்திலிருந்து ஆண்ட ராஜா ஊர்-நினுர்த்தா, வழக்கைத் தானே முடிக்காமல் நிப்பூர் சபைக்கு அனுப்பினார். சபையில் ஒன்பது பேர் எழுந்து, மூன்று ஆண்களோடு அந்தப் பெண்ணையும் கொல்ல வேண்டும் என்றார்கள். அந்த ஒன்பது பேரில் பறவை பிடிப்பவர், குயவர், தோட்டக்காரர் எல்லாம் உண்டு. இரண்டு பேர் எழுந்து கேட்டார்கள்: கொலையில் அவள் கை என்ன இருக்கிறது? அவளை எதற்குக் கொல்வது?

சபை முடிவு: புருஷனை மதிக்காதவள் அவனுடைய எதிரியோடு தொடர்பு வைத்திருக்கக்கூடும், கொன்றதைக் கேட்டும் சும்மா இருந்தாளே, அவள் குற்றம் கொன்றவர்கள் குற்றத்தைவிடப் பெரிது. இந்தப் பலகையை முதலில் படித்த அறிஞர்கள் அவள் விடுதலையானாள் என்று எடுத்துக்கொண்டார்கள். 1950களில் கூடுதல் பிரதிகளை வைத்து ஜேக்கப்சன் என்ற அறிஞர் மறுபடி படித்தபோதுதான் முடிவு தலைகீழானது. இந்த வழக்குப் பலகையைப் பல பிரதிகள் எடுத்திருக்கிறார்கள், எழுத்துப்பள்ளி மாணவர்களுக்குப் பாடமாக ஓடியிருக்கிறது.

நெல்லைக்காரி

அந்த இரண்டு பேர் பெயரை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டதுதான் சட்டம். பயத்தில் வாயை மூடியிருக்கலாம், கொன்ற மூன்று பேர் வாசலில் வந்து நிற்கும்போது என்ன பேசுவாள்? மௌனம் வேறு, உடந்தை வேறு.

நம் சட்டத்தில் அவள் எங்கே நிற்பாள், சட்டமணி சார்?

சட்டமணி

கொலைக்கு முன்னால் சதியில் அவளுக்குப் பங்கு இருந்தது என்று போலீஸ் காட்டாதவரை கொலைக் குற்றம் நிற்காது. நடந்த பிறகு தெரிந்தும் சொல்லாதது, தடயத்தை மறைத்தது என்று தனிப் பிரிவுகள் இருக்கின்றன, சில வருடச் சிறை. தூக்கு கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன் அம்மா, அந்த மாதிரி வழக்கில் அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கோர்ட்டுக்கு வெளியே நாலு பேர் பேசுவது இன்றைக்கும் நிப்பூர் சபை பேசியதுதான்.

நான் எழுத நினைத்து வந்தது வேறு. எல்லாரும் தண்டனையையே பார்க்கிறோம், பணம் யார் கைக்குப் போனது என்று பார்க்கவில்லை. பாபிலோனில் காயத்துக்கான வெள்ளி காயம்பட்டவர் பக்கத்துக்கே போனது. நம்மிடம் கிரிமினல் கோர்ட் போடும் அபராதம் இயல்பாகக் கஜானாவுக்குப் போகும். நீதிபதி மனசு வைத்து அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடு என்று உத்தரவிட்டால்தான் அவருக்கு. வழக்கின் பெயரே அரசு எதிர் இன்னார். அடி வாங்கியவர் வெறும் சாட்சி.

இப்போது 23ஆம் விதியைப் பாருங்கள். வழிப்பறி நடந்து திருடன் பிடிபடவில்லை என்றால், பறிகொடுத்தவர் தெய்வத்தின் முன்னால் என்ன போனது என்று சொல்ல வேண்டும். எந்த ஊர் எல்லையில் நடந்ததோ அந்த ஊரும் அதன் தலைவரும் ஈடுகட்ட வேண்டும். உயிர் போயிருந்தால் உறவினர்களுக்கு ஒரு மினா வெள்ளி (24). காவல் காக்கத் தவறியது ஊர், அதனால் ஊர் கொடுக்கட்டும்.

இந்த எண்ணம் நவீன அரசுகளுக்குத் திரும்ப வர எவ்வளவு காலம் ஆனது? நியூசிலாந்து 1963இல் சட்டம் போட்டது, பிரிட்டன் அதற்கு அடுத்த வருடம் திட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு வந்த 2008 திருத்தத்தில்தான் 357ஏ பிரிவு நுழைந்தது, இப்போது புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 396. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு போட்டு இழப்பீடு கேட்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் முன்பே கேள்விப்பட்டு வந்தவர் யாரும் இல்லை.

கடைசிபெஞ்ச்

23 நிஜமாகவே புதுச் செய்தி. சரி, தாமதத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? அதுதானே என் கேள்வியின் மையம்.

சட்டமணி

வாய்தா பாபிலோனிலும் உண்டு சார். 13ஆம் விதி, திருட்டுப் பொருள் தகராறு. சாட்சிகள் பக்கத்தில் இல்லை என்றால் நீதிபதிகள் ஆறு மாதம் வரை அவகாசம் கொடுப்பார்கள். அதற்குள் கூட்டிவராவிட்டால் அவன் பொய்யன், அந்த வழக்கின் தண்டனை அவனுக்கு. ஒரே வாய்தா, அதுவும் ஆறு மாதம்.

நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 17ஆம் உத்தரவு ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று அச்சாகவே சொல்கிறது! 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒரேயடியாக இறுக்கிப் பிடிக்க வேண்டாம், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்றது. அந்தத் தளர்வு நியாயமானதுதான், கட்சிக்காரர் ஐசியூவில் கிடக்கலாம். ஆனால் விதிவிலக்கு எந்த வேகத்தில் விதியாகிறது என்பதை வக்கீல்கள் நாங்கள்தான் உங்களுக்குக் காட்டினோம். எங்கள் ஆட்களும் இதைப் படிப்பார்கள், படிக்கட்டும்.

இரவுப்பணி

தப்பாகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கு என்ன செய்தார்கள்? வைத்தியன் கையை வெட்டச் சொன்னவர்கள் ஜட்ஜை விட்டுவிட்டார்களா?

களிமண்பலகை

விடவில்லை. 5ஆம் விதி. தீர்ப்பு எழுதி முத்திரையும் போட்ட பிறகு அதை மாற்றிய நீதிபதி, வழக்குத் தொகையைப் போல் 12 மடங்கு கட்ட வேண்டும். சபையில் இருக்கையிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவார்கள், பிறகு எந்த வழக்கிலும் உட்கார முடியாது. தப்பான தீர்ப்புக்கு இந்தத் தண்டனை இல்லை, கவனியுங்கள், போட்ட தீர்ப்பைத் திருத்துவதற்கு.

சட்டமணி

அதே விதி நம்மிடம் இருக்கிறது. கையெழுத்திட்ட கிரிமினல் தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அந்தக் கோர்ட்டே திருத்த முடியாது. ஆனால் 12 மடங்கு கிடையாது. உயர் நீதிமன்ற நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரண்டு அவையிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். அது வேண்டியதுதான். ராஜா நினைத்தால் எழுப்பிவிடலாம் என்ற நாற்காலியில் உட்கார்ந்து ராஜாவுக்கு எதிராக யார் தீர்ப்புச் சொல்வார்கள்? கல்லில் 282 விதி இருக்கிறது, ராஜா தப்புச் செய்தால் என்று தொடங்கும் விதி ஒன்று கூட இல்லை. எனக்குப் பெரிய வித்தியாசம் இதுதான். கண்ணும் பல்லும் அதற்கு அப்புறம்.

லாஷப்பல்வாசி

கடனைப் பற்றி யாரும் எழுதவில்லையே? வயலில் புயலோ வெள்ளமோ வறட்சியோ வந்தால் அந்த வருடம் கடன் கொடுத்தவருக்குத் தானியம் கட்டத் தேவையில்லை, வட்டியும் இல்லை, பலகையை நனைத்துத் திருத்தலாம் என்று 48இல் உண்டு. இது நடைமுறையில் இருந்ததா, இதுவும் கல்லில் மட்டும்தானா?

களிமண்பலகை

இந்த ஒரு விஷயத்தில் கல்லைவிடப் பலகைகள் பலமாகப் பேசும் அண்ணா. பாபிலோன் ராஜாக்கள் பட்டத்துக்கு வந்ததும், பிறகு நடுநடுவிலும், கடன் தள்ளுபடி ஆணை போடுவார்கள். ஹம்முராபியின் எள்ளுப்பேரன் அம்மி-சதூக்கா போட்ட ஆணை பெருமளவு கிடைத்திருக்கிறது. பார்லியாகவும் வெள்ளியாகவும் வட்டிக்குக் கொடுத்த கடன் ரத்து, வியாபாரக் கூட்டுக்குக் கொடுத்த முதல் மட்டும் ரத்தில்லை. ஆணைக்குப் பிறகும் மிரட்டி வசூலித்தவன் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் சாவு.

வட்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இந்தக் கடன் ராஜாவின் ஆணைக்குப் பிறகு கொடுக்கப்பட்டது என்று பலகையிலேயே எழுதி வாங்கினார்கள், அப்போதுதான் தள்ளுபடி தொடாது. இன்னும் கெட்டிக்காரர்கள் கடன் என்றே எழுதாமல், விற்றதாகவோ பாதுகாக்கக் கொடுத்து வைத்ததாகவோ எழுதி வாங்கினார்கள். அம்மி-சதூக்காவின் ஆணை அந்தத் தந்திரத்தையும் பெயர் சொல்லிப் பிடிக்கிறது. சாட்சிகள் வந்து அது உண்மையில் வட்டிக் கடன்தான் என்று சொன்னால், அந்தப் பலகை செல்லாது.

கடைசிபெஞ்ச்

கடனுக்கு அடமானம் எழுதாமல் கிரயப் பத்திரமாகவே எழுதி வாங்குகிறார்களே, அதேதானே இது! எங்கள் தெருவில் ஒரு வீடு அப்படித்தான் போனது. 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கும்போதே.

சட்டமணி

அதேதான். அந்த மாதிரி வழக்குகளில் நான் முதலில் கேட்பது, கிரயம் ஆன பிறகு வீட்டில் யார் இருந்தார்கள், வட்டி யார் கையில் எந்த மாதம் கொடுத்தார்கள், பார்த்த ஆள் உண்டா என்று. பத்திரத்தில் விற்பனை என்று இருந்தாலும் சாட்சியும் நடத்தையும் கடன் என்று காட்டினால் வாதாட வழி இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் இன்னும் வழக்குப் போடவில்லை என்றால், காலக்கெடு தாண்டுவதற்குள் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.